கறுப்புச் சாயமும் ஒரு பிடி பஞ்சும்

வீட்டில் ஷூவுக்குப் பாலிஷ் போட எது நல்லது, பிரஷ்ஷா, துணியா, பஞ்சா என்று நம் கவுண்டருக்கு வந்து கேட்காதவர்கள் கிடையாது. நீங்கள் எல்லாரும் இதற்குள் பதிலை மனப்பாடம் செய்திருப்பீர்கள். பூசுவதற்குத் துணி, பளபளப்புக்கு பிரஷ், தையல் இடுக்குக்குப் பழைய பல் பிரஷ். நானும் பல வருஷம் அதையே சொல்லித்தான் விற்றேன். இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். போவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று இருந்தது. கடையில் பேசத் தொடங்கினால் முடிக்க வருவதில்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போனேனே, அது இதற்காகத்தான். ஆகையால் எழுதித் தருகிறேன்.

கால் அளவு எடுப்பது, பெட்டி அடுக்குவது, பண்டிகைக் கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே வந்துவிடும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கவுண்டரில் மூத்த சேல்ஸ்மேன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் சிவாஜிநகரில் அத்தர் கடை வைத்திருந்த ஒருவர் வந்து, பாலிஷ் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யே கிஸ்கா பால் ஹை?” என்றார். அது எதன் மயிர், குதிரையா பன்றியா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பன்றி மயிர் என்றால் அந்த பிரஷ் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. பெட்டியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. நான் குதிரை என்று சொல்ல வாயெடுத்தேன். மூத்தவர் குறுக்கே வந்து, எங்களுக்குத் தெரியாது, தெரியாத சாமான் உங்களுக்கு எதற்கு, பழைய பனியன் துணியே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு விற்பனை போயிற்று. அன்றைக்கு அவர் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே. தெரிந்ததை ஒரே ஒரு தடவை சொல். “ரெண்டாவது தடவ சொன்னா அது அட்வைஸ் இல்லம்மா, சண்டை. கஸ்டமர்கிட்ட சண்டை வேணாம்.”

இந்தக் கடையில் இன்றுவரை நடப்பது அந்த வழக்கம்தான். உங்களுக்கும் சேர்ந்த அன்றே சொல்லியிருப்பார்கள். முதல் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்வரிசையில் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் இருக்கின்றன அல்லவா, கறுப்புச் சாயம்? பழுப்பு ஷூவைக் கறுப்பாக்குவதற்கு. பாலிஷ் தோலின் மேலே நிற்கும், சாயம் தோலுக்குள் இறங்கும். அப்போதெல்லாம் மூடியோடு ஒரு குட்டி பிரஷ் ஒட்டியே வரும். திறந்தால் பாதாம் எசென்ஸ் வாசனை. கிறிஸ்மஸ் கேக் செய்கிற எங்கள் வீடுகளில் அது தெரியாத மூக்கு இருக்காது. வாசனைக்காகவே சிலர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வைப்பார்கள்.

ஒருமுறை அலமாரி துடைக்கும்போது அதில் ஒரு பாட்டில் விழுந்து உடைந்து, சாயம் முழுவதும் என் காலிலும் புடவை ஓரத்திலும் கொட்டியது. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மத்தியானம் தலை வலித்தது. பிறகு சுற்றியது. ரசீது எழுதும்போது என் கை நகங்களைப் பார்த்தேன். நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஞானம்மா, நாவல்பழம் சாப்ட்டீங்களா, உதடெல்லாம் கலர் அடிக்குது?” என்று சிரித்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துத் துணி மாற்றிப் படுத்தேன். மறுநாள் சரியாகிவிட்டது. வெறும் வயிறு, பித்தம் என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் அதற்குப் பிறகு சாயம் கேட்டு வருகிறவர்களிடம், மூடியில் இருக்கும் பிரஷ்ஷாலேயே மெல்லிசாகப் பூசுங்கள், இரண்டு நாள் வெளிக்காற்றில் காயவையுங்கள், பிறகு போடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். ஒரே ஒரு தடவை சொல்வேன்.

என் மகள் எஸ்தர் படித்த பள்ளியின் தலைமையாசிரியை இறந்தது, பள்ளி திறந்து சில நாள் கழித்து, ஆனி மாதத் தூறலில். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் காக்ஸ் டவுன் பகுதியில் பாதிப் பெண்கள் அவரிடம் படித்தவர்கள், நான் உட்பட. மதராஸிலிருந்து தங்கை வர வேண்டும் என்று அடக்கத்தை மறுநாள் பிற்பகலுக்கு வைத்தார்கள். பள்ளியின் பாடகர் குழுப் பெண்கள் சவப்பெட்டிக்கு முன்னால் பாடிக்கொண்டு நடக்க வேண்டும், எல்லாரும் வெள்ளைக் கவுனும் கறுப்பு ஷூவுமாக வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பள்ளிச் சீருடைக்கு ஷூ பழுப்பு. எத்தனை வீட்டில் கறுப்பு ஷூ இருக்கும்?

கடையில் பிள்ளைகளுக்கான கறுப்பு ஷூ காலையிலேயே தீர்ந்துபோயிற்று. பிறகு வந்தவர்கள் சாயம் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி ரோஸலின். எங்களுக்கு அடுத்த சந்து. என்னோடு படித்தவள். அவள் மகள் ஷீலாவும் எஸ்தரும் ஒரே வகுப்பு, பாடகர் குழுவில் இருவருக்கும் முன்வரிசை. நான் வழக்கம்போல இரண்டு நாள் காய வேண்டும் என்றேன்.

“ஏன் ஞானம், நாளைக்கு மத்தியானம் அடக்கம். நீ சொல்ற மாதிரி காய வெச்சுப் போனா, மண்ணு மூடி சிலுவ நட்டுருப்பாங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் துக்கத்தை மறந்து சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அப்படியானால் ரொம்ப மெல்லிசாகவாவது பூசு என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

எஸ்தருக்கு நான் சாயம் வாங்கவில்லை. பழுப்பு ஷூவின் மேல் கறுப்புப் பாலிஷைத் துணியால் நான்கைந்து தடவை ஏற்றினேன். கறுப்பிலும் சேராத பழுப்பிலும் சேராத ஒரு நிறம் வந்தது. எஸ்தர் அதைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். “முன்னாடி நிக்கணும்மா, எல்லாரும் பாப்பாங்க.” சாவு வீட்டில் யாரும் காலைப் பார்க்க மாட்டார்கள் என்று அதட்டினேன். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் எனக்கு விடுமுறை தந்திருந்தார்கள் என்பதால் சீக்கிரம் படுத்துக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் ஃபேக்டரியில் ஃபிட்டர். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். பிள்ளை அழுததை அவரால் தாங்க முடியவில்லை. நான் படுக்கப் போன பிறகு ரோஸலின் வீட்டுக்குப் போய் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் ஷீலாவுடைய ஷூவுக்கு அந்தக் குட்டி பிரஷ்ஷால் பூசியிருந்தாள். அந்த பிரஷ் சாயத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். பாட்டிலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எடுத்துட்டுப் போங்கண்ணா என்று கொடுத்துவிட்டாள். நல்ல மனதோடு கொடுத்தாள், அதில் சந்தேகமில்லை.

வீட்டில் வந்து அவர் அந்த பிரஷ்ஷை வைத்துப் பார்த்திருக்கிறார். நான் ஏற்றி வைத்திருந்த பாலிஷின் மேல் அது பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு என் பாலிஷைத் துடைத்தெடுத்துவிட்டு, காயத்துக்குக் கட்டுகிற பஞ்சில் ஒரு பிடி எடுத்து, பாட்டிலை அதன் மேல் கவிழ்த்து, தோல் இனிக் குடிக்காது என்கிற வரை உள்ளே இறங்கப் பூசியிருக்கிறார். தூறலில் வெளியே வைக்க முடியாது. அடுப்புப் பக்கத்தில் வைத்து வாட்டியிருக்கிறார். காலையில் தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை. மேலே காய்ந்திருந்தது.

எஸ்தர் அதைப் போட்டுக்கொண்டு காலையிலேயே பாட்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வரை கழற்றவில்லை.

நான் கடையிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்தேன். பெட்டியைச் சுற்றி ரோஜாவும் சம்பங்கிப் பூவும் வைத்திருந்தார்கள். ஆராதனை நடந்தது. பாடுகிற பெண்களின் கால்களைப் பார்த்தேன், ஷூக் கடைக்காரிக்கு வேறு எங்கே பார்க்கத் தெரியும்? எஸ்தர் காலில் நல்ல கறுப்பு. எப்படி என்று யோசித்தேன். அவர் ஏதோ செய்திருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். பாட்டு முடிந்து அவள் என் பக்கமாக வந்தபோது கேக் வாசனை வந்தது. தலைமையாசிரியை ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்களுக்குக் கேக் தருவார். அதை நினைத்து அழுதேன்.

கோயில் வாசலில் பெட்டியை வெளியே எடுக்கும்போது மணியடிக்கிற கோயில் பிள்ளை எஸ்தரின் முகத்தைப் பார்த்து, “என்ன பாப்பா, சாவுக்கு வர வழியில நாவ மரம் ஏறினியா? வாயத் தொடச்சுட்டு வா,” என்றார். நாவல்பழக் காலம் அது. மல்லேஸ்வரத்துத் தோட்டத்துப் பழம் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தது.

“நான் துன்னலையே மாமா,” என்றாள் எஸ்தர். கைக்குட்டையால் துடைத்தாள். நான் அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே குடையை விரித்தேன்.

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கத் தொடங்கினோம். தூறல் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது. முன்னால் பாடுகிற பிள்ளைகள், பின்னால் பெட்டி, அதன் பின்னால் நாங்கள். பாதி வழியில் முன்வரிசையில் ஒரு குரல் குறைந்தது. எஸ்தர் வரிசையை விட்டு விலகிச் சாலை ஓரம் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். அழுது அழுது மயக்கம் என்றார்கள். காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள், சோடா வாங்குங்கள் என்றார்கள். யாரோ என் கையில் விசிறியைத் திணித்தார்கள். அவள் கையைப் பிடித்தேன். நகங்கள் என் நகங்கள் இருந்த அதே நிறம். உதடு அதைவிட மோசம். கேக் வாசனை வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஷூவைக் கழற்றினேன். வெள்ளைக் காலுறை கணுக்கால் வரை கறுப்பு. அதை உரித்தால் உள்ளே பாதம் கறுப்பாக, ஈரமாக இருந்தது. என் கணவர் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார்.

“எதுல போட்டீங்க?”

“பஞ்சுல. நல்லா ஊறட்டும்னு…”

“எந்த பாட்டில்?”

“ரோஸலின் குடுத்ததுதான். மிச்சம் பூரா ஊத்திட்டேன் ஞானம்.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜட்கா வண்டி பிடித்து வாருங்கள் என்றேன். அவர் ஓடினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் எஸ்தரின் காலில் ஊற்றி என் முந்தானையால் தேய்த்தேன். அவள் மூச்சு ஓடிவந்த நாயின் மூச்சு மாதிரி இருந்தது. அப்போது முன்வரிசையில் ஷீலா கண்ணில் பட்டாள். அதே பாட்டில் சாயம் பூசிய ஷூவோடு பாடிக்கொண்டு போகிறாள்.

நான் இதுவரை எழுதியதெல்லாம் இந்த இடத்துக்காகத்தான். இப்படி ஒரு நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது சரியா தப்பா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாது. கையில் இருப்பது ஒரு வாசனையும் ஒரு நிறமும் மட்டும். எதிரில் நிற்பவள் உங்கள் வாடிக்கையாளர், கூடப் படித்தவள், துக்கத்தில் இருக்கிறவள். சுற்றிலும் ஊர். நடுவில் பெட்டி.

பக்கத்தில் நின்ற ஒரு டீச்சரிடம் எஸ்தரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரோஸலினிடம் போனேன். முதல் தடவை கவுண்டரில் பேசுகிற குரலில்தான் பேசினேன். ஷீலாவின் ஷூவைக் கழற்றிவிடு, அந்தச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் ஷீலாவைத் திரும்பிப் பார்த்தாள். உதடு நல்ல சிவப்பு. என் பெண் நன்றாகத்தான் நடக்கிறாள், நீ உன் பெண்ணைப் பார் என்றாள். அன்போடுதான் சொன்னாள்.

இரண்டாவது தடவை சொன்னேன். அது சண்டை மாதிரிதான் ஒலித்தது. முன்னால் போன பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். பெட்டியைச் சுமந்தவர்கள் நின்றார்கள். போதகர் புத்தகத்திலிருந்து தலை தூக்கினார்.

“உம் பொண்ணு மயங்கி வுழுந்தா எம் பொண்ணும் வெறுங்கால்ல நிக்கணுமா? என்னாடி பேஜாரு இது, பொணத்த வெச்சுக்கிட்டு?”

மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. சாலையில் உட்கார்ந்து ஷீலாவின் காலைப் பிடித்து, வாரை அவிழ்த்து, ஷூவையும் காலுறையையும் இழுத்துக் கழற்றினேன். அவள் பயத்தில் அலறினாள். என் தோளில் அடி விழுந்தது, ரோஸலின் அடித்தாளா வேறு யாராவதா என்று தெரியாது. காலுறையில் விரல் நுனிப் பக்கம் மட்டும் லேசாகக் கறை இருந்தது. ஜட்கா வந்துவிட்டது. இரண்டு ஜோடி ஷூவையும் கையில் வைத்துக்கொண்டே ஏறினேன். ஷீலா வெறுங்காலோடு கல்லறைத் தோட்டம் வரை நடந்து, வெறுங்காலோடு நின்று பாடினாளாம். ரோஸலின் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: டீச்சரம்மா அடக்கத்தில் பிள்ளை காலிலிருந்து ஷூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினவள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர், மைசூர்ப் பக்கத்துக்காரர். நான் உளறியதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். எஸ்தரின் கவுன், காலுறை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, சோப்புப் போட்டுக் காலைக் கழுவ வைத்து, பிராணவாயு வைத்தார். ஊசியில் எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். காப்பி டிகாக்‌ஷன் நிறம். என் பிள்ளையின் உடம்பில் ஓடுவது அதுவா? அன்றிரவு முழுவதும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் சுவரோரம் உட்கார்ந்து, கையை மடியில் மல்லாத்தி வைத்து, சாயக்கறை போகாத தம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தானே ஊற்றினேன் என்று ஒருமுறை சொன்னார். உங்கள் தப்பு இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விடிந்ததும் உதடு கொஞ்சம் தெளிந்திருந்தது. மறுநாள் பசிக்கிறது என்றாள். பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் இரண்டு ஜோடி ஷூவையும் காட்டி, இதனால்தான் என்று எங்கள் கடையில் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு ஷூவை வாங்கி முகர்ந்து பார்த்தார். “ரத்தத்தல்லி ஏதோ விஷம் சேர்ந்திருக்கு, அது நிஜ. ஷூ வழியா வந்திருக்கலாம்னு எனக்கும் தோணுது. ஆனா பாட்டில்ல என்ன இருக்குன்னு எழுதலையே அம்மா. தெரியாததை எப்படித் தெரியும்னு சொல்றது?”

மூத்த சேல்ஸ்மேன் எனக்குச் சொன்னது அதேதான். எனக்கு டாக்டர் மேல் கோபம் வரவில்லை. அவர் நேர்மையானவர். நேர்மையானவர்கள் எல்லாரும் தெரியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள, பாட்டில் அலமாரியிலேயே இருந்தது.

கடைக்குத் திரும்பியபோது ரோஸலினுடைய கணவர் ஏற்கெனவே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, எஸ்தருக்காகப் பழம் வாங்கி வைத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதே பாட்டில்தானே ஞானம்மா? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலியே?”

அந்தப் பெண்ணுக்கு பிரஷ்ஷால் பூசினார்கள், என் பெண்ணுக்குப் பஞ்சால் பூசினார்கள் என்றேன். பிரஷ் கொஞ்சமாக விட்டது, பஞ்சு எல்லாவற்றையும் குடித்து எல்லாவற்றையும் கொடுத்தது. அந்தப் பெண்ணுடைய காலிலிருந்தும் நேரத்துக்குக் கழற்றிவிட்டேன் என்றேன். சொல்லும்போதே எனக்குக் காதில் விழுந்தது, இது எவ்வளவு பலவீனமான பேச்சு என்று. கழற்றாமல் விட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? தெரியாது. ஆகியிருந்தால் அன்றைக்கே பாட்டில் அலமாரியிலிருந்து இறங்கியிருக்கும். என் மகள் பிழைத்ததும் ஷீலா விழாமல் நடந்ததும் எனக்கு எதிரான சாட்சிகளாகிவிட்டன. அந்தப் பாட்டிலை நிறுத்த ஒரு பிள்ளை செத்திருக்க வேண்டும். அதுதான் நிலைமை.

சில மாதம் என்னை மாடியில் பெட்டி அடுக்க வைத்தார்கள். பிறகு ஆள் இல்லாமல் மறுபடி கவுண்டருக்கு வந்தேன். சாயம் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு தடவை, மூன்று தடவை சொன்னேன். சிலர் வாங்காமல் போனார்கள். சிலர் என்னை விட்டுவிட்டு உங்களில் ஒருவரிடம் போய் வாங்கினார்கள். என் கணவர் அதற்குப் பிறகு ஷூவுக்கு எதுவும் போடுவதில்லை. வெளுத்துப்போன பூட்ஸோடு ஃபேக்டரிக்குப் போகிறார். ஃபோர்மன் கேட்டால் சிரித்து மழுப்புகிறாராம். வீட்டில் பஞ்சு வைப்பதையே விட்டுவிட்டோம். எஸ்தர் கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்கிறாள்.

இந்த வருஷம் பள்ளி திறந்தபோது ரோஸலின் நம் கடைக்கு வந்தாள். உங்களில் ஒருவருக்கு அது நினைவிருக்கும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஷீலா இப்போது மேல்பள்ளிக்குப் போகிறாள், அங்கே சீருடைக்குக் கறுப்பு ஷூ. போன வருஷத்து ஷூவே காலுக்குச் சரியாக இருக்கிறது, எதற்குப் புதிது என்று சாயம் கேட்டாள். நீங்கள் எடுத்து வைத்தீர்கள். இப்போது வருகிற பாட்டிலில் குட்டி பிரஷ் கிடையாது. மூடியைத் திறந்தால் தலையில் ஸ்பான்ஜ், பாட்டிலைக் கவிழ்த்து ஷூவின் மேல் ஓட்டினால் அதுவே ஊறி ஊறி இறங்கும். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும் மேடம், கையில படாது என்று சொன்னீர்கள். நமக்கு அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் மறுகோடியிலிருந்து வந்தேன். வேண்டாம் என்றேன். அவள் பையைத் திறந்தாள். துணியால் கறுப்புப் பாலிஷ் போடு, நிறம் அரைகுறையாகத்தான் வரும், வரட்டும் என்றேன். இதுதான் வேண்டுமென்றால் ஒரு வாரமாவது வெயிலில் காயப்போடு என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை. மேனேஜர் தம் அறைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸலின் கத்தவில்லை. அவளுக்கு என் மேல் இருந்த கோபம்கூடத் தீர்ந்துவிட்டிருந்தது. அவள் பார்வையில் இருந்தது இரக்கம்.

“ஞானம், எஸ்தர் நல்லாத்தானே இருக்கா?”

“இருக்கா.”

“எம் பொண்ணும் நல்லாருக்கா. அப்புறம் ஏன் நீ இன்னும் இப்டியே இருக்கே? வுடு கண்ணு.”

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவள் கேட்டதற்குப் பதில் என்ன என்று நீங்கள் யாராவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

வேலையை விடுவதற்குக் காரணம் கேட்டீர்கள். அந்த அலமாரிக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைக் காலி செய்ய என்னால் ஆகாது. உங்களாலும் ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சம்பளம் வேண்டும். யாராவது வந்து பிரஷ்ஷா பஞ்சா என்று கேட்டால், எதைப் பூசப்போகிறீர்கள், யார் காலுக்கு, எப்போது போட வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். நாளைக்கே என்றால் எந்தக் கருவியும் நல்லதில்லை என்று சொல்லுங்கள். மறுபடியும் சொல்லுங்கள். சண்டை என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். இதனால் ஏதாவது மாறும் என்று நான் நம்பி எழுதவில்லை.

காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஷீலாவைத் தினமும் பார்க்கிறேன். நல்ல கறுப்பு ஷூ. என் கண் தன்னால் அவள் உதட்டுக்குப் போய்விடுகிறது. என்ன நிறம் என்று ஒரு கணம் பார்த்துவிட்டால் அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியும். அவள் அம்மா என்ன சொல்லி வைத்தாளோ, பிள்ளைகள் என்ன சொல்லிக் கிண்டல் செய்தார்களோ தெரியாது. இப்போதெல்லாம் தூரத்தில் என்னைக் கண்டதுமே அவள் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறாள். நான் கடந்து போகும் வரை எடுப்பதில்லை.